லாட்டுக் கணக்கு

தீபாவளி எங்கள் ஊருக்கு எப்போதும் கைவறண்ட நேரத்தில்தான் வரும். தை, மாசியில் பாத்தியைச் சீர்செய்து தண்ணீர் கட்டி, சித்திரை வைகாசி வெயிலில் உப்பு வாரி, புரட்டாசி முடிவதற்குள் மரக்காணம் உப்பளங்களில் வேலை ஓய்ந்துவிடும். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். கூலி நின்ற அதே மாதத்தில் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்தாக வேண்டும். வேலையில்லாத மாதங்களுக்காக அரசு கொடுக்கிற 5,000 ரூபாய், மளிகைக் கடை பாக்கிக்கும் வட்டிக்கும் போனபின் என்ன மிஞ்சுகிறதோ, அதற்குள் ஒரு குடும்பத்துக்கே துணி. அந்த மிச்சத்தை நம்பித்தான் என் தொழில் ஓடுகிறது. திருப்பூரில் எவருக்கோ வேண்டாமல் போன சரக்கை லாட்டாக எடுத்து வந்து மரக்காணத்திலும், சுற்றியுள்ள குப்பங்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையிலும் விற்கிறேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாயைத் திறந்ததும் பீஸ் என்ன விலை என்று கேட்பார்கள். எனக்குத் தொழில் பழக்கிய கூனிமேட்டு பாய் அதற்குத் திட்டுவார். “விலை கெடக்குது தம்பி. அவன் ஏன் விக்கிறான்னு மொதல்ல கேளு” என்பார். நல்ல சரக்கு விலை இறங்கிக் கிடக்கிறது என்றால் எங்கேயோ ஒருவர் அடிபட்டிருக்கிறார். அந்த நஷ்டம் அவரோடு முடிந்துவிட்டதா? மிச்சம் இருந்தால் அது யார் தலையில் இறங்கப்போகிறது? திருப்பூர் காதர்பேட்டையில் புழங்குகிற ஒவ்வொரு வார்த்தையும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில். சில வார்த்தைகள் முழுப் பதில் சொல்லும். பல வார்த்தைகள் பாதியோடு நிறுத்திக்கொள்ளும். மீதிப் பாதியைக் கேட்டு வாங்குவதுதான் வியாபாரம்.

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது காதர்பேட்டை. ஏற்றுமதியில் மீந்ததும் தள்ளுபடியானதும் வந்து சேருகிற இடம். கடை என்று பெயர், பாதி குடோன். மூட்டைமேல் உட்கார்ந்துதான் பேச்சு. சரக்கைக் காட்டுகிறவர் முதலில் சொல்வது “சர்ப்ளஸுங்க”, இல்லையென்றால் “ஓவர்ரன்னுங்க”. காரணங்களிலேயே சுத்தமான காரணம் இதுதான். 10,000 சட்டைக்கு ஆர்டர் வந்தால் கம்பெனி கணக்காக 10,000 வெட்டாது. சாயத்தில் கொஞ்சம் கெடும், தையலில் கொஞ்சம் போகும் என்று நூற்றுக்கு மூன்று, ஐந்து கூட்டித்தான் வெட்டுவார்கள். நினைத்த அளவு கெடாவிட்டால் நல்ல உருப்படியே மீந்துவிடும். ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு மேல் வெளிநாட்டுக்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார். அந்தக் கூடுதல் துணிக்கான செலவு ஆர்டர் விலையிலேயே ஏறி அடங்கிவிட்டதால், வாங்குகிறவருக்கு வம்பில்லை.

வம்பில்லாத காரணம் என்பதால்தான் எல்லாச் சரக்கும் ஓவர்ரன் என்ற பெயரில் உலாவுகிறது. கண்டுபிடிக்க ஒரு சின்னப் பெருக்கல் போதும். ஒரே டிசைனில், ஒரே நிறத்தில் 4,000 பீஸ் ஓவர்ரன் என்று ஒருவர் சொன்னால், ஐந்து சதவீதக் கணக்கில் மூல ஆர்டர் 80,000 இருந்திருக்க வேண்டும். “அப்படி எந்தக் கம்பெனிங்க?” என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். பெரும்பாலும் அது ரிஜெக்ட் ஆன லாட்டு.

ரிஜெக்ட் என்றதும் எழுந்து ஓட வேண்டியதில்லை. ஏற்றுமதிச் சரக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. சாம்பிள் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு ஏ.க்யூ.எல். என்று ஓர் அட்டவணை இருக்கிறது. பரவலாகப் புழங்கும் 2.5 கணக்கில், 1,201 முதல் 3,200 உருப்படி வரை உள்ள லாட்டுக்கு 125 எடுத்துப் பார்க்க வேண்டும். ஏழு குறை வரைக்கும் பாஸ். எட்டாவது அகப்பட்டால் மொத்தமும் ஃபெயில். எட்டுச் சட்டை சேர்ந்து 3,000 சட்டையைக் கவிழ்த்துவிடும். மூட்டைக்குள் இருப்பதில் பெரும்பகுதி குறையே இல்லாத சட்டை. கம்பெனி திரும்பவும் பிரித்து, சோதித்து, மறுபடி காட்டலாம். அதற்குள் கப்பல் போய்விட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தக் கூலியைக் கொடுப்பதைவிட லாட்டைத் தள்ளிவிடுவதே மேல் என்று முடிவெடுப்பார்கள்.

அதனால் ரிஜெக்ட் சரக்கில் நான் கேட்பது இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட். என்ன குறைக்காகத் தள்ளினார்கள் என்று அதில் எழுதியிருக்கும். அளவு குறைவு என்று இருந்தால் எனக்குக் கவலையில்லை. ஜெர்மனிக்காரருக்கு அரை அங்குலம் பெரிய விஷயம், எங்கள் பக்கத்து அனுமந்தைக்காரர் அதைத் தேட மாட்டார். துணி முறுக்கிக்கொள்கிறது என்று எழுதியிருந்தால் தொடமாட்டேன். முதல் துவைப்பிலேயே பக்கத்துத் தையல் வயிற்றுக்கு நடுவில் வந்து நிற்கும். வாங்கியவர் மறுநாள் என் வாசலில் நிற்பார். ரிப்போர்ட் இல்லை என்று சொன்னால் விலையை நான் சொல்வேன்.

செகண்ட்ஸில் அவ்வளவு மர்மம் கிடையாது. கம்பெனிக்குள்ளேயே செக்கிங் பெண்கள் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிப் பிரித்துவிடுவார்கள். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, பிரிண்ட் விலகல், உடம்பு ஒரு ஷேடு கை வேறு ஷேடு. இந்தக் கடைசிக் குறைக்கு எங்கள் ஊரில் தனிச் சந்தையே இருக்கிறது. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். மேலேயிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று வெள்ளை உப்பிலிருந்தும் வெயில் எதிரடிக்கும். உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்த துணி விறைத்துக்கொண்டு தோலை அறுக்கும். அவர்களுக்கு வேண்டியது மெல்லிய காட்டன், நீளமான கை, தளர்ந்த உடம்பு. ஒருமுறை ஷேடு மாறிய சட்டைகளைத் தனியாக வைத்து, குறை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா சட்டையைத் தன் கையோடு வைத்து அளந்தபடியே, “இன்னாண்ணா, உப்பு வந்து ஷேடா பாக்கப் போவுது? மணிக்கட்டு வரைக்கும் கை வருதான்னு பாரு” என்றார். அதிலிருந்து எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் முழுக்கைச் சட்டையில் ஷேடு மாறியது வந்தால் நான் விடுவதில்லை. மற்ற ஊர்க்காரர் தூக்கிப் போடுகிற மூட்டை அது.

லாட்டை எப்படி எடுக்கிறோம் என்பதற்கும் வார்த்தைகள் உண்டு. ‘அப்படியே’ என்றால் மொத்தமும் எடுத்துக்கொள்ள வேண்டும், பிரிக்கக் கூடாது, விலை இறங்கும். ‘பொறுக்கி’ என்றால் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம், விலை ஏறும். அப்படியே எடுக்கும்போது கேட்க வேண்டியது, இது கை படாத லாட்டா என்பதுதான். நமக்கு முன் வந்தவர் நல்லதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போன பிறகு மிஞ்சிய கழிசலும் ‘அப்படியே’ என்ற பெயரில்தான் நம்மிடம் வரும். அட்டைப்பெட்டியின் டேப்பைப் பார்ப்பேன். கம்பெனி டேப்புக்கு மேல் கடைத் தெரு பிரவுன் டேப் ஒட்டியிருந்தால் யாரோ உள்ளே கைவிட்டிருக்கிறார்கள்.

சைஸ் ரேஷியோவும் அப்படித்தான். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று 1:2:2:1 விகிதத்தில் பேக் ஆன லாட்டில் எம்மும் எல்லும்தான் ஓடும். சைஸ் உடைந்த லாட்டில் அந்த இரண்டும் இருக்காது. எஸ்ஸும் எக்ஸ்எல்லும் மலையாகக் கிடக்கும். உடம்பு வேலை செய்கிற எங்கள் ஊர் ஆண்களுக்கு ஐரோப்பிய எக்ஸ்எல் முழங்கால் வரை தொங்கும். அந்தச் சரக்கைப் புதுச்சேரி சந்தைக்குத்தான் ஏற்றுவேன். அங்கே எல்லா உடம்பும் வரும்.

கிலோ கணக்கில் வாங்குவதில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கனத்த துணியில் தைத்த ஆண்கள் டீ-ஷர்ட் கிலோவுக்கு ஐந்து நிற்கும், பீஸ் 60 ரூபாய். மெல்லிய துணி என்றால் ஏழு வரை வரும், பீஸ் 43 ரூபாய்க்குள் அடங்கும். சின்னப் பிள்ளைகள் துணி கிலோவுக்குப் பத்துக்கு மேல் தேறும். ஆகவே கிலோ விலையைக் கேட்டதும் நான் மூட்டையிலிருந்து ஒரு கிலோவைத் தராசில் வைத்து எண்ணிவிடுவேன். பருத்திக்கு இன்னொரு குணமும் உண்டு. காய்ந்திருக்கிறது என்று நாம் நினைக்கும் பருத்தியிலேயே எட்டு சதவீதத்துக்குப் பக்கத்தில் ஈரம் இருக்கும். அடைமழை நாளில் அது இன்னும் குடிக்கும். மழை நாளில் கிலோ கணக்கில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம் என்று அர்த்தம். உப்பு வியாபாரிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேன்சல் சரக்கு தனி ரகம். குறை சரக்கில் இருக்காது, உலகத்தில் இருக்கும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகள் மூடின. தைத்து, மடித்து, பெட்டியில் அடுக்கிய சரக்கையே வேண்டாம் என்றார்கள். ஃப்ரெஷ் சரக்கு, சைஸ் முழுசு, குறை கிடையாது, விலை பாதாளத்தில். ஆனால் சந்தை கிடையாது, பஸ் கிடையாது, எங்கள் மக்களுக்குக் கூலியும் கிடையாது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் திருப்பூரில் அதே பேச்சு கிளம்பியது. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20. வரி ஏறியதற்கும் தீபாவளிக்கும் நடுவில் இரண்டு மாதம்கூட இல்லை.

கேன்சல் சரக்கில் விலையைத் தீர்மானிப்பது நேரம். யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்பதுதான் பேரம். இதை நான் காதர்பேட்டையில் கற்கவில்லை, உப்பளத்தில் பார்த்து வளர்ந்தேன். வெயில் உச்சத்தில் எல்லாப் பாத்தியிலும் உப்பு விளையும், விலை படுத்துவிடும். மழை வந்து வரத்து நின்றதும் விலை எழும். அம்பாரத்தை ஓலை போட்டு மூடிக் காத்திருக்க முடிந்தவருக்கு அந்த விலை கிடைக்கும். கூலி பாக்கியும் கடனும் நெருக்குகிறவர் மேகம் திரளும்போதே அம்பாரத்தோடு கொடுத்துவிடுவார். அவர் உப்பும் வெள்ளைதான், இவர் உப்பும் வெள்ளைதான். ஏற்றுமதிக்காரருக்கு அந்த நெருக்கடி வங்கியிலிருந்து வருகிறது. ஸ்டாக்கை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கியவர் மார்ச் மாதம் கணக்கு முடிப்பதற்குள் குடோனைக் காலி செய்யப் பார்ப்பார். மார்ச்சில் எடுத்து ஐப்பசியில் விற்பது என் வழக்கம். நடுவில் உள்ள மாதங்களுக்குக் குடோன் வாடகை, வட்டி, அத்தோடு எங்கள் கடல்காற்று. உலோக ஜிப், பிரஸ் பட்டன் வைத்த சரக்கை இந்தக் கரையில் ஆறு மாதம் வைத்தால் துரு துணியில் இறங்கிவிடும். அதனால் வாங்கி வைக்கிற சரக்கு பனியன் துணியாகத்தான் இருக்கும்.

துறைமுக ஏலச் சரக்குக்கு வேறு பாஷை. சுங்கச் சட்டம் 1962-இன் 48-ஆம் பிரிவுப்படி, இறக்கி 30 நாளுக்குள் எடுக்கப்படாத சரக்கை, உரியவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு விற்கலாம். இப்போது பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. போன்ற தளங்களில் ஆன்லைன் ஏலம். முதலில் ஈ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். அதிக விலை கேட்டவர் எச்-1. எச்-1 ஆனாலும் சரக்கு நம்முடையது ஆகிவிடாது. ‘எஸ்.டி.ஏ.’, அதாவது ஒப்புதலுக்கு உட்பட்டது என்று வந்தால், விற்பவர் ஒப்புதல் கொடுக்கும்வரை நம் பணம் அங்கே தூங்கும். ஒப்புதல் வந்தபின் குறித்த நாளுக்குள் லாரி வைத்துத் தூக்க வேண்டும். தவறினால் தரை வாடகை ஓடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி இருக்கும்: உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில். வங்கிக்காரர்கள் ஜப்தி சொத்தை ஏலம் விடும்போதும் இதே வரியைத்தான் போடுகிறார்கள். இந்தத் தொழிலில் ஒளிவுமறைவு இல்லாத ஒரே வரி என்று இதைச் சொல்வேன். இந்த நிமிஷத்திலிருந்து எல்லா நஷ்டமும் உன்னுடையது என்று எழுத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். பெட்டியில் 500 என்று எழுதி 420 இருந்தாலும் புகார் கொடுக்க இடமில்லை. அதனால் நேரில் போய்ப் பார்க்கும் நாளைத் தவறவிடவே கூடாது. சென்னை வரை போய்வரும் பஸ் செலவைப் பார்த்து அந்த நாளை விட்டவர்கள் பின்னால் லாரி வாடகையையும் சேர்த்துத் தொலைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் பட்ட சரக்கு எங்கள் கரைக்கு அடிக்கடி வருகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மரக்காணம் பக்கம் உப்பளம், சாலை எல்லாம் முங்கின. இன்ஷூரன்ஸ் உள்ள கடைகளில் சர்வேயர் வந்து பார்த்துப் போனபின் நனைந்த சரக்கு ‘சால்வேஜ்’ என்ற பெயரில் விலைக்கு வரும். மழைத்தண்ணீரில் நனைந்ததா, கடல்தண்ணீர் ஏறியதா என்பதுதான் இங்கே கேள்வி. மழைத்தண்ணீர் என்றால் அலசி, காயவைத்து, அயர்ன் செய்துவிடலாம். பூஞ்சை ஏறாமல் இருந்தால் போதும். உப்புத்தண்ணீர் ஏறிய துணியை எத்தனை வெயிலில் போட்டாலும் அடுத்த மேகமூட்டத்தில் பிசுபிசுக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நன்றாக அலசாத வரைக்கும் அது காய்ந்த துணியே கிடையாது. விற்பவர்கள் எப்போதும் மழை என்றுதான் சொல்வார்கள். நாங்கள் மூட்டையின் அடியிலிருந்து ஒன்றை உருவி, மடிப்புக்குள் இருக்கும் தையலை நாக்கில் தொட்டுப் பார்ப்போம். மேல்துணியில் உப்பு உதிர்ந்திருக்கலாம், தையலுக்குள் தங்கிவிடும். சர்வேயர் ரிப்போர்ட்டை நம்பாவிட்டாலும் இந்த நாக்கை நம்பலாம்.

சமீபமாக வந்திருப்பது ஆன்லைன் ரிட்டர்ன் சரக்கு. இதற்கும் புது வார்த்தைகள் வந்துவிட்டன. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலுக்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். ஏ கிரேடு என்றால் பிரிக்காதது, பி என்றால் பிரித்தது, சி என்றால் உடைந்தது என்பார்கள். ஒருவர் பி இன்னொருவருக்கு ஏ. ‘அன்டெஸ்டட்’ என்று போட்டிருந்தால் சோதிக்கவில்லை என்று படிக்கக் கூடாது. சோதித்து, ஓடாததால் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும். விலையை எம்.ஆர்.பி.யில் இத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். அதுதான் பெரிய பொறி. 1,999 ரூபாய் என்று அச்சடித்து 399-க்கு விற்கிற ஹெட்போனை, எம்.ஆர்.பி.யில் 15 சதவீதத்துக்கு வாங்கினால் அதுவே 300 ரூபாய். கடையில் புதிதாக என்ன விலைக்கு ஓடுகிறதோ அதிலிருந்துதான் நம் கணக்கு தொடங்க வேண்டும். மூடிய பெட்டியைக் கிலோ கணக்கில் விற்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பையன்கள் வந்து கேட்கிறார்கள். நல்லதை எடுத்துக்கொண்ட பின்தான் பெட்டியை மூடுவார்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

காகித விஷயத்திலும் ஓட்டை இருக்கக் கூடாது. பில் இல்லாத சரக்கு நூற்றுக்கு ஐந்து மலிவாகக் கிடைக்கும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு நகர்ந்தால் இ-வே பில் வேண்டும். வழியில் வண்டியை மடக்கினால் மிச்சம் பிடித்த ஐந்தும் போய் அபராதமும் வரும். பிராண்டு லேபிளும் அப்படி. ஆர்டர் கொடுத்தவர் லேபிளை அறுத்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று சொல்லியிருப்பார். கழுத்துக்குப் பின்னால் பாதி அறுபட்ட லேபிள் இருந்தால் சரக்கு முறையாக வெளியே வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி. லேபிள் முழுசாகப் பளபளவென்று இருந்தால் சந்தேகம் வரும். அது மீந்த சரக்கா, போலிச் சரக்கா என்று பார்க்க வேண்டும்.

வாங்கும்போது நான் கேட்கிற கேள்வியை விற்கும்போது மக்கள் என்னிடம் கேட்கிறார்கள்: “ஏன்ணா இவ்ளோ மலிவு?” அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்ததும் தையல்காரர் சாக்பீஸால் குறை இருக்கும் இடத்தைச் சுழித்துவிடுவோம். சுழி இல்லாதது ஒரு குவியல், சுழி போட்டது ஒரு குவியல், தைத்துப் போட வேண்டியது ஒரு குவியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. சுழியைக் காட்டி விற்ற சட்டை இதுவரை என் வாசலுக்குத் திரும்பி வந்ததில்லை. உப்பளத்துக் குடும்பங்களுக்குத் தீபாவளிக்குக் கடன் கொடுத்து, மாசியில் வேலை தொடங்கியதும் வாங்கிக்கொள்கிறேன். குறையை மறைத்து விற்றிருந்தால் அந்தக் கடனைக் கேட்க எனக்கு முகம் இருக்காது.

மூன்று குவியலிலும் சேராதது கடைசியில் பனியன் வேஸ்ட். பட்டன், ஜிப், எலாஸ்டிக் வெட்டி எடுத்துவிட்டு, படகு இன்ஜின் துடைப்பதற்கும் வண்டிப் பட்டறைக்கும் கிலோவாகப் போகும். வெள்ளை வேஸ்ட்டுக்கு ஒரு விலை, கலருக்கு அதைவிடக் குறைவு. திருப்பூரில் தொடங்கிய நஷ்டம் கை மாறி மாறி வந்து அங்கேதான் தீரும். அந்தக் கடைசிக் கிலோவும் போன பிறகுதான் ஒரு லாட்டில் லாபமா நஷ்டமா என்று நான் வாய் திறப்பது. முதல் வாரம் நல்ல பீஸ்கள் ஓடியதும் போட்ட பணம் வந்துவிட்டது என்று குதிக்கிறவர் தன் கழிசலை இன்னும் எண்ணவில்லை.